வேலை முடிந்ததும் ஆளை அனுப்பிவிடும் செயலி செய்வது எப்படி

போன வருடம் இங்கே திருகோணமலையில் ஒரு ரியூசன் நிலையத்துக்கு வருகைப் பதிவுச் செயலி ஒன்று செய்து கொடுத்தேன். பிள்ளை வாசலில் அட்டையைக் காட்டினால் அம்மாவின் போனுக்கு ஓர் அறிவிப்புப் போகும், அவ்வளவுதான் அதன் வேலை. நான் எழுதிய வாசகம் இது: "அன்புள்ள பெற்றோரே, தங்கள் பிள்ளை இன்று மாலை 4.00 மணி கணித வகுப்புக்கு வருகை தந்துள்ளார்." இலக்கணம் சரி, மரியாதையும் சரி. ஆனால் விலை குறைந்த போன்களில் பூட்டுத் திரையில் ஒரு வரிதான் தெரியும், அந்த வரியில் விழுந்தது இவ்வளவுதான்: "அன்புள்ள பெற்றோரே, தங்கள் பிள்ளை இன்று…"

மடத்தடிப் பக்கம் ஒரு அக்கா மீன் வெட்டிக்கொண்டிருந்தபோது இந்த அரை வரி வந்திருக்கிறது. கையெல்லாம் செதில். விரலடையாளத்துக்குப் போன் திறக்கவில்லை, சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தாலும் திறக்கவில்லை, அந்தப் பதற்றத்தில் கடவு எண்ணும் நினைவுக்கு வரவில்லை. மகனுக்கு என்னவோ நடந்துவிட்டது என்று முடிவுகட்டி, மீனைச் சட்டியோடு விட்டுவிட்டு, ஓட்டோ பிடித்து நிலையத்துக்கே வந்துவிட்டார். பையன் உள்ளே பின்னம் செய்துகொண்டிருந்தான். மறுநாள் என்னைக் கண்டதும் அக்கா சொன்னார்: "தம்பி, வந்திட்டான் எண்டா வந்திட்டான் எண்டு முதல் சொல்லுங்கோ. மிச்சத்தப் பிறகு சொல்லுங்கோ." வீட்டுக்குத் திரும்பியபோது மீனைப் பூனை முடித்திருந்ததாம், அதற்கும் சேர்த்துத்தான் பேச்சு விழுந்தது.

யாரையும் ஏமாற்றி உள்ளே இழுக்க நான் நினைக்கவில்லை. ஆனால் பெரிய நிறுவனங்கள் திட்டம்போட்டுச் செய்வதை, அதாவது அரைச் செய்தியைக் காட்டி மீதிக்காகத் திறக்க வைப்பதை, நான் கவனக்குறைவால் செய்திருக்கிறேன். அக்காவுக்கு இரண்டும் ஒன்றுதான். அதற்குப் பிறகு செய்த ஒவ்வொரு செயலியிலும் ஒரு கேள்வியை முதலில் வைக்கிறேன்: வந்தவர் வேலை முடிந்ததும் போக முடிகிறதா? நீங்கள் செயலி செய்பவராக இருந்தாலும், காசு கொடுத்துச் செய்விக்கும் கடைக்காரராகவோ வகுப்பு நடத்துபவராகவோ இருந்தாலும், கீழே உள்ளது அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு நடக்கும் வழி.

கொஞ்சம் பின்கதை. தகவல் பெருகப் பெருகக் கவனம் அருகிப்போகும் என்று பொருளியலாளர் ஹெர்பர்ட் சைமன் 1971லேயே சொல்லிவிட்டார், அப்போது நம்மூரில் வானொலிப்பெட்டியே வீட்டுக்கு வீடு இல்லை. முடிவில்லாமல் உருளும் பக்கத்தை 2006இல் வடிவமைத்த ஏசா ராஸ்கின் பின்னாளில் அதற்காக வெளிப்படையாக வருத்தப்பட்டார். கூகுளில் வேலை செய்த டிரிஸ்டன் ஹாரிஸ், பயனரின் கவனத்தை மதிக்க வேண்டும் என்று 2013இல் உள்ளே ஒரு விளக்கக்காட்சி சுற்றுக்கு விட்டார். 2018இல் இவர்கள் இருவரும் வேறொருவருமாகச் சேர்ந்து சென்டர் போர் ஹியூமேன் டெக்னாலஜி என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். அதே ஆண்டில் ஆப்பிளும் கூகுளும் திரைநேரத்தைக் காட்டும் வசதிகளைக் கொண்டுவந்தன. என் பார்வையில் அது பாதி வேலைதான். எவ்வளவு நேரம் போனது என்று போன் காட்டும், ஆனால் அந்த நேரத்தைத் தின்றது செயலி, அதைச் செய்த கை நம்முடையது.

1. ஒரு வசனம் எழுதுங்கள், அதில் "எப்போது போகலாம்" இருக்கட்டும்

நிரல் எழுதுவதற்கு முன், திரை வரைவதற்கு முன், கடதாசியில் ஒரு வசனம். யார் வருகிறார், எந்த நிலையில் வருகிறார், எதற்கு வருகிறார், எது தெரிந்தால் போகலாம். முதல் மூன்றை எல்லோரும் எழுதுவார்கள், நாலாவதைத்தான் மறப்பார்கள். என் வருகைச் செயலிக்கு இப்போது இருக்கும் வசனம்: "வேலையில் இருக்கும் தாய், கை ஓயாதவர், மகன் வகுப்புக்குள் போய்விட்டானா என்று பார்க்கிறார், போய்விட்டான் என்று தெரிந்தால் போனைத் தொடாமலே போகலாம்." இந்த வசனம் இருந்தால் "முகப்பில் இன்றைய பொன்மொழி போடுவோமா" என்று யாராவது கேட்கும்போது பதில் தானாக வந்துவிடும்.

நாலாவது பகுதியை எழுத முடியவில்லை என்றால், "அவர் எவ்வளவு நேரம் இருந்தாலும் நல்லதுதான்" என்று மனம் சொன்னால், அங்கேயே நின்று யோசியுங்கள். அது கருவியாக இராது, ஆளைப் பிடித்துவைக்கும் பொறியாகத்தான் முடியும்.

2. பக்கத்தில் இருந்து பாருங்கள்

கேள்விக்கொத்து அனுப்பி நிரப்பச் சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கிண்ணியாப் பக்கத்துப் படகுக்காரர் சிலருக்குக் கடல்நிலை பார்க்கும் செயலி செய்தபோது, விடிய நாலு மணிக்குக் கரையில் போய் நின்றேன். மேசையில் இருந்து யோசித்திருந்தால் வந்தே இராத மூன்று விடயங்கள் பத்து நிமிடத்தில் தெரிந்தன. இருட்டுக்குப் பழகிய கண்ணுக்கு வெள்ளைத் திரை டோர்ச் அடித்தது போல இருக்கிறது, அதைப் பார்த்துவிட்டுப் படகில் கால் வைத்தால் தடுமாறும். ஈரக்கைக்குத் தொடுதிரை சொல் கேளாது. அப்புறம், அவர்கள் கேட்பது காற்று எவ்வளவு, அலை எப்படி, இந்த இரண்டும்தான்.

அதனால் முதல் திரை கறுப்பு, அதில் இரண்டு பெரிய எண்கள், அதற்குக் கீழே வளிமண்டலவியல் திணைக்களத்தின் எச்சரிக்கை ஏதும் இருந்தால் ஒரு வரி. எதையும் தொட வேண்டாம். நான் அழகாகச் செய்து வைத்திருந்த அலை அசைவுப் படம் குப்பைக்குப் போனது. கொஞ்சம் வலித்தது.

3. அறிவிப்புகள்: பாதிப் பிரச்சினை இங்கேதான்

வேலைக்கு நடுவே யாராவது குறுக்கிட்டால் பழைய வேலைக்குத் திரும்ப எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று குளோரியா மார்க் என்ற ஆய்வாளர் அலுவலகங்களில் இருந்து அளந்தார். சராசரியாக 20 நிமிடத்துக்கு மேல். இடையில் ஆள் வேறு இரண்டு வேலைகளைத் தொட்டுவிட்டுத்தான் திரும்புகிறார். நீங்கள் அனுப்பும் ஒவ்வொரு "டிங்" சத்தத்துக்கும் இப்படி ஒரு விலை இருக்கிறது, அதை நீங்கள் கொடுப்பதில்லை, அடுத்தவர் கொடுக்கிறார்.

செயலி அனுப்பும் எல்லா அறிவிப்பையும் ஒரு தாளில் எழுதி மூன்று குவியலாகப் பிரியுங்கள். நித்திரையில் இருப்பவரை எழுப்பலாம் என்பது ஒன்று, மாலைவரை காத்திருக்கலாம் என்பது இன்னொன்று, சொல்லவே தேவையில்லை என்பது மூன்றாவது. முதல் குவியலுக்கு என் அளவுகோல் இது: 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் திரியாய், குச்சவெளிப் பக்கமாகக் கரையேறியது. அந்த மாதிரி இரவில் கடலுக்குப் போகாதே என்று சொல்ல ஆளை எழுப்பலாம். 2012 ஏப்ரல் 11ஆம் திகதி சுமாத்திராவுக்கு அப்பால் நிலம் நடுங்கிச் சுனாமி எச்சரிக்கை வந்தபோது கரையோரச் சனம் எழும்பி ஓடியது, ஏனென்றால் 2004 டிசம்பர் 26 யாருக்கும் மறக்கவில்லை. அப்படிப்பட்ட எச்சரிக்கையும் "புதிய வினாத்தாள் பதிவேற்றப்பட்டுள்ளது" என்பதும் ஒரே சத்தத்தோடு வந்தால், ஒரு மாதத்தில் ஆள் எல்லாச் சத்தத்தையும் அணைத்துவிடுவார். பிறகு புயல் வந்தாலும் உங்கள் குரல் கேட்காது.

மூன்றாவது குவியல்தான் பெரிதாக வரும், பயப்பட வேண்டாம். "உங்களைக் காணவில்லை", "என்ன நடக்கிறது என்று பாருங்கள்", "உங்கள் நண்பர் இணைந்துள்ளார்" எல்லாம் அங்கே. கோணேசர் கோயில் மணி பூசை நேரத்துக்கு அடிக்கும், கேட்பவர் கும்பிடுவார், முடியாதவர் தன் பாட்டில் போவார். "மூன்று நாளாக நீங்கள் வரவில்லை, கோணேசர் தேடுகிறார்" என்று இரவு பதினொரு மணிக்கு யாரும் மணி அடிப்பதில்லை.

இனிச் செய்முறை. ஆண்ட்ராய்ட் 8இல் இருந்து அறிவிப்புகளைச் சனல்களாக, அதாவது வகைவகையாகப் பிரித்து அனுப்பலாம், பயனர் ஒன்றை மட்டும் அணைத்துவிட்டு மற்றதை வைத்திருக்கலாம். உருவாக்கிய பிறகு ஒரு சனலின் முக்கியத்துவத்தைச் செயலி தன்னிஷ்டத்துக்குக் கூட்டவும் முடியாது. பலர் எல்லாவற்றையும் "பொது" என்ற ஒரே சனலில் கொட்டுகிறார்கள், அது சோம்பல் அல்லது தந்திரம். ஐபோனில் 2021இல் வந்த ஐஓஎஸ் 15 நாலு நிலைகளைத் தருகிறது: பேசிவ் (சத்தமில்லாமல் வந்து கிடப்பது), அக்டிவ் (வழமையானது), டைம் சென்சிட்டிவ் (உடனே பார்க்க வேண்டியது), கிரிட்டிகல் (போனை அமைதியில் வைத்திருந்தாலும் சத்தம் போடுவது). கடைசி நிலைக்கு ஆப்பிளிடம் தனி அனுமதி வாங்க வேண்டும், வாங்கத் தேவையில்லாத செயலிதான் உங்களுடையது என்று நினைத்துக்கொண்டே தொடங்குங்கள். ஆண்ட்ராய்ட் 13இல் இருந்து அறிவிப்பு அனுப்பவே பயனரிடம் கேட்க வேண்டும். செயலி திறந்த மறுநொடியே கேட்காதீர்கள். அம்மா பிள்ளையின் பெயரைச் சேர்த்து முடித்த இடத்தில், "இவர் வகுப்புக்கு வந்ததும் சொல்லவா?" என்று கேட்டால் எதற்குச் சம்மதிக்கிறார் என்று அவருக்கே தெரியும்.

வாசகத்துக்கு வருவோம், இதுதான் நம் மொழிக்கே உரிய சிக்கல். தமிழில் வினை கடைசியில் வரும். வந்தானா, வரவில்லையா, வகுப்பு நடக்குமா, நடக்காதா என்பதெல்லாம் வாக்கியத்தின் வாலில் தொங்கும். பூட்டுத் திரை வெட்டுவது அந்த வாலைத்தான். ஆங்கில வாசகத்தை எடுத்து அப்படியே தமிழாக்கினால் செய்தி போய்விடும், மரியாதைச் சொற்கள் மட்டும் மிஞ்சும். இப்போது என் செயலி அனுப்புவது: "வந்தாச்சு 4.05 – கணிதம்". வராவிட்டால்: "இன்னும் வரவில்லை – கணிதம் 4.00". பிள்ளையின் பெயர் தலைப்பில். அன்புள்ள பெற்றோரே போய்விட்டார், யாரும் தேடவில்லை. வாசகம் எழுதியதும் மிகச் சின்னப் போன் ஒன்றில், எழுத்தளவைப் பெரிதாக்கி வைத்துவிட்டு, எங்கே வெட்டுப்படுகிறது என்று கட்டாயம் பாருங்கள். கண்ணாடி போடும் அம்மம்மா பெரிய எழுத்தில்தான் வைத்திருப்பார்.

சத்தமே போடாமல் சொல்லவும் வழி உண்டு. ஜெராக்ஸ் நிறுவனத்தின் பார்க் ஆய்வுகூடத்தில் மார்க் வைசரும் ஜோன் சீலி பிரவுனும் 1995இல் "அமைதியான தொழில்நுட்பம்" பற்றி எழுதியபோது ஓர் உதாரணம் காட்டினார்கள். நட்டாலி ஜெரமைஜென்கோ என்ற கலைஞர் கூரையில் ஒரு மோட்டாரில் நீளக் கயிறு ஒன்றைத் தொங்கவிட்டு, அதைக் கணினி வலையமைப்போடு இணைத்திருந்தார். வலையில் போக்குவரத்து கூடினால் கயிறு சுழலும், குறைந்தால் மெல்லத் துடிக்கும். யாரும் அதை உற்றுப் பார்க்கத் தேவையில்லை, ஓரக்கண்ணுக்குத் தெரியும். வெளிச்சவீடும் அதே சாதிதான், வேண்டியவன் பார்ப்பான். வருகைச் செயலிக்கு நான் போனின் முகப்புத் திரையில் ஒரு சின்ன விட்ஜெட், அதாவது செயலியைத் திறக்காமலே பார்க்கக்கூடிய ஒரு கட்டம், வைத்தேன்: பிள்ளை உள்ளே என்றால் பச்சை, வெளியே என்றால் சாம்பல். பாதிப் பேர் அதன் பிறகு அறிவிப்பையே அணைத்துவிட்டார்கள். எனக்கு அது சந்தோஷம், நிலையக்காரருக்கு அவ்வளவாக இல்லை, அதைப் பிறகு சொல்கிறேன்.

சிவப்பு எண் பற்றி ஒரு வார்த்தை. ஐகனின் மூலையில் சிவப்பு 7 தெரிந்தால் கை சும்மா இராது. மனிதர் ஒருவர் நேரடியாக எழுதிய செய்திக்கு மட்டும் வையுங்கள், மற்றதற்கு வேண்டாம்.

4. முடிவைக் கட்டுங்கள்

பிரெட்ரிக் கோட்டை வாசலால் உள்ளே போனால் மான்கள் நிற்கும். யாராவது பையைச் சரசரக்கச் செய்தால் போதும், தலையைத் தூக்கும், கிட்ட வரும். பையில் சிலநேரம் வாழைப்பழத்தோல், சிலநேரம் ஒன்றுமில்லை. எப்போதும் கிடைத்தால் பசி தீர்ந்ததும் போய்விடும், ஒருபோதும் கிடைக்காவிட்டால் வரவே வராது. சிலநேரம் மட்டும் கிடைப்பதால்தான் ஒவ்வொரு சரசரப்புக்கும் வருகிறது. உளவியலாளர் ஸ்கின்னர் இதைப் புறாக்களை வைத்துக் காட்டினார். நமக்குப் புறாத்தீவே இருந்தாலும் எனக்கு மான்தான் தெளிவாக விளங்கியது. திரையை விரலால் கீழே இழுத்துவிட்டுப் புதிதாக ஏதாவது வருமா என்று பார்க்கும்போது நாமும் அந்த வாசலில்தான் நிற்கிறோம்.

உங்கள் செயலியில் பட்டியல் ஏதாவது இருந்தால் அதற்கு ஓர் அடி இருக்கட்டும். இருபது பதிவு, பிறகு "இன்றைக்கு இவ்வளவுதான்" என்று ஒரு வரி, பழையது வேண்டுமென்றால் அழுத்தட்டும். இன்ஸ்டகிராமே 2018இல் "எல்லாம் பார்த்து முடித்துவிட்டீர்கள்" என்று ஒரு குறியைப் போட்டது, அதன் கீழே இன்னும் உருளும் என்பது வேறு கதை. வீடியோ தானாக ஓட வேண்டாம், ஒன்று முடிந்ததும் அடுத்தது தானாகத் தொடங்கவும் வேண்டாம். நேரத்தை விடுங்கள், டேட்டாவைப் பாருங்கள்: நம்மூரில் பலர் ரீலோட் போட்டுச் சின்னப் பொதி வாங்கித்தான் பாவிக்கிறார்கள், கேட்காமல் ஓடும் ஒவ்வொரு வீடியோவும் அவர்கள் பையில் கைவைப்பது போல.

5. தொடர் நாள் கணக்கு: நான் செய்த பெரிய பிழை

வருகைச் செயலிக்குப் பின்னால் அதே நிலையத்துக்குப் பயிற்சி வினாக்கள் பகுதி ஒன்றும் செய்தேன். மொழி கற்கும் செயலிகளைப் பார்த்து, தினமும் ஒரு வினாவாவது செய்தால் கூடிக்கொண்டே போகும் ஓர் எண், பக்கத்தில் ஒரு சுடர். ஒரு நாள் விட்டால் பூச்சியம். பிள்ளைகள் போட்டி போட்டுச் செய்தார்கள், நிலையக்காரர் எனக்கு ரோல்சும் பிளேன்ரீயும் வாங்கித் தந்தார், எல்லாம் நல்லபடி.

ஒரு நாள் தெரிந்த குடும்பமொன்றில் அம்மம்மா தவறிவிட்டார். செத்த வீட்டில் இரவு, முற்றத்தில் கதிரைகள், பெரியவர்கள் கதைத்துக்கொண்டிருக்கிறார்கள். கிணற்றடிப் பக்கம் இருட்டில் ஒரு வெளிச்சம். போய்ப் பார்த்தால் பேத்தி, பத்தாம் ஆண்டு, அழுதழுது வீங்கிய முகத்தோடு பல்தேர்வு வினா செய்துகொண்டு இருக்கிறாள். நேரம் 11.50. என்னைக் கண்டதும் குற்றம் செய்தவள் போல எழும்பி, "மாமா, 64 நாள். விட்டா பூச்சியமாயிடும்" என்றாள். அவளுக்கு அதைச் செய்தவன் நான்தான் என்று தெரியாது. நான் சொல்லவும் இல்லை.

அடுத்த கிழமை அந்த எண்ணைத் தூக்கினேன். அதற்குப் பதிலாக "இந்த மாதம் 18 நாள் படித்திருக்கிறீர்கள்" என்று ஒரு வரி வருகிறது, விட்ட நாளுக்குத் தண்டனை இல்லை, அறுந்துபோகச் சங்கிலியும் இல்லை. தினமும் வரும் பிள்ளைகள் கொஞ்சம் குறைந்தார்கள், உண்மை. ஆனால் ஒரு வினாவை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு அழுத்திவிட்டு ஓடும் பழக்கமும் நின்றது. இழப்பைக் காட்டிப் பயமுறுத்தி வரவைப்பது எப்போதும் வேலை செய்யும், அதுதான் அதன் ஆபத்து.

6. "பார்த்துவிட்டார், பதில் இல்லை"

வட்ஸ்அப்பில் நீலச் சரிக்குறி வந்தது 2014 நவம்பரில். அதன் பிறகு எத்தனை வீட்டில் எத்தனை சண்டை என்று எண்ண முடியாது. உங்கள் செயலியில் அது வேண்டுமா என்று யோசியுங்கள். ஆசிரியருக்கு இரவு பத்தரைக்குப் பெற்றோர் செய்தி போடுகிறார், அவர் தெரியாமல் திறந்துவிட்டால் பதில் சொல்லியே ஆக வேண்டும், சொல்லாவிட்டால் "சேர் பாத்திட்டார், கண்டுக்கேல்லை" என்று மறுநாள் கதை. நான் செய்தது: இரவு எட்டு மணிக்குப் பிறகு எழுதும் செய்தி காலை ஏழு மணிக்குத்தான் போகும், அதை எழுதும் பெட்டிக்கு மேலேயே சொல்லிவிடும். அவசரம் என்றால் தொலைபேசி எண் இருக்கிறது. புள்ளிப்பட்டியலிலும் இதே கதை, ஒவ்வொருவரும் தன் பிள்ளையின் புள்ளியை மட்டும் பார்க்கட்டும். எத்தனையாம் பிள்ளை என்ற வரிசை எண் வேண்டும் என்று கேட்ட பெற்றோர் உண்டு. கொடுக்கவில்லை.

7. சில இடத்தில் வேகத்தடை

எல்லாவற்றையும் ஒரே தட்டில் முடிக்கலாம் என்பது செயலி செய்பவரின் பெருமை. திரும்ப எடுக்க முடியாத வேலைக்கு அது பொருந்தாது. ஒரு செய்தியை ஒரே நேரத்தில் எத்தனை பேருக்கு முன்னனுப்பலாம் என்பதை வட்ஸ்அப் 2019 ஜனவரியில் உலகம் முழுக்க ஐந்தாகக் குறைத்தது. 2020இல் டுவிட்டர், கட்டுரையைத் திறக்காமலே பகிரப் போனால் "படித்துவிட்டுப் பகிர்கிறீர்களா" என்று கேட்டுப் பார்த்தது. இரண்டும் வேகத்தடைதான். மழைநாளில் "நாளை வகுப்பில்லை" என்று ஒருவர் போட்ட பொய்ச் செய்தி ஊர் சுற்றியதை நான் கண்டிருக்கிறேன், அதனால் பொது அறிவித்தல் போடும் திரையில் "இது எல்லாப் பெற்றோருக்கும் போகிறது, ஒரு நிமிடத்துக்குள் திரும்ப எடுக்கலாம்" என்று எழுதி, உண்மையிலேயே ஒரு நிமிடம் பிடித்து வைத்திருக்கிறேன்.

8. வெளிவாசல்

சேர எத்தனை தட்டு, விலக எத்தனை தட்டு? இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். உள்ளே வரச் சிங்கார வாசல், வெளியே போகக் கிணற்றடிச் சந்து என்று வைக்கும் தந்திரங்களுக்கு ஹரி பிரிக்னல் என்ற வடிவமைப்பாளர் 2010இல் "டார்க் பேட்டர்ன்" என்று பெயர் வைத்தார். ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைகள் சட்டம் அதன் 25ஆம் பிரிவில் இணையத் தளங்களுக்கு இதைத் தடைசெய்திருக்கிறது. நம் நாட்டின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலும் கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறும் உரிமை இருக்கிறது. தமிழில் நான் கண்ட மோசமான பொத்தான் வாசகம்: "வேண்டாம், என் பிள்ளை பின்தங்கினால் பரவாயில்லை." இப்படி எழுதியவருக்கும் பிள்ளைகள் இருக்கக்கூடும். "வேண்டாம்" என்று மட்டும் எழுதினால் போதும்.

மொழி மாற்றும் இடமும் ஒரு வாசல்தான். இங்கே தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் ஒரே தெருவில் புழங்கும், அதை அமைப்புகளுக்குள் நாலாம் அடுக்கில் ஒளித்து வைத்தால் பாதிப் பேர் பேரனைத் தேடிப் போக வேண்டி வரும். முதல் திரையிலேயே, அந்தந்த எழுத்திலேயே போடுங்கள்.

9. எதை அளக்கிறீர்களோ அதுவாகவே ஆவீர்கள்

2012இல் யூடியூப், பார்த்தவர் எண்ணிக்கையை விட்டுப் பார்த்த நேரத்தை முக்கிய அளவுகோலாக எடுத்தது, அதன் பிறகு பரிந்துரை இயந்திரம் முழுக்க நேரத்தைப் பெருக்கும் பக்கம் திரும்பியது. 2018இல் பேஸ்புக் "அர்த்தமுள்ள உரையாடல்" என்று நல்ல பெயரில் ஓர் அளவுகோலைக் கொண்டுவந்தது. கருத்துச் சண்டையையும் உரையாடலாகவே அது எண்ணியதால் கோபமூட்டும் பதிவுகளுக்கு இடம் கூடியது என்று 2021இல் வெளியே வந்த அதன் உள் ஆவணங்களே காட்டின. நோக்கம் நல்லதாக இருந்தால் போதாது, எண்ணும் எண் எதுவென்று பார்க்க வேண்டும்.

நான் அளப்பவை சில. திறந்ததில் இருந்து வேலை முடிய எத்தனை நொடி, இது குறைய வேண்டும். எத்தனை பேர் எந்தச் சனலை அணைத்தார்கள், கூடினால் அந்தச் சனல் தொல்லை. திறந்துவிட்டு எதுவும் செய்யாமல் மூடியவர்கள் எத்தனை, அவர்கள் பழக்கத்தால் திறக்கிறார்கள் அல்லது தேடியது கிடைக்கவில்லை. மாதம் ஒருமுறை ஒரே கேள்வி: "இது உதவியா, தொல்லையா?" அதற்கு அறிவிப்பு அனுப்பிக் கேட்காதீர்கள், தானாகத் திறக்கும்போது கேளுங்கள்.

10. காசு

மேலே சொன்ன ஒன்பதும் விளம்பரத்தில் ஓடும் செயலியில் நிற்காது. விளம்பரம் கண்ணை எண்ணிக் காசு தரும், ஆகவே கண்ணைப் பிடித்துவைக்கச் சொல்லும். சின்னச் செயலிகளுக்கு வருடச் சந்தா, நிறுவனம் கட்டட்டும், பயனர் சும்மா பாவிக்கட்டும். அப்படியும் ஒருநாள் முதலாளி கேட்பார். நிலையக்காரர் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, சனம் அப்பில நிக்குதில்லையே, பத்து செக்கன்ல போகுதுகள்" என்றார். நான் அவரைக் கேட்டேன், "அண்ணை, முந்தி அஞ்சு மணியானால் உங்கட போன் எத்தனை தரம் அடிக்கும், பிள்ளை வந்திட்டானோ எண்டு கேட்டு?" அவர் யோசித்தார். "இப்ப அடிக்கிறேல்லைத்தான்." சந்தாவைப் புதுப்பித்தார், ஆனால் முகத்தில் முழுத் திருப்தி இல்லை.

மீன் வெட்டிய அக்காவை அண்மையில் கண்டேன். செயலி எப்படி என்று கேட்டதற்கு, திறந்தே பார்க்கவில்லையாம், "பச்சை தெரிஞ்சாச் சரிதானே." ஆனால் அவர் இன்னொன்று கேட்டார், நிலையக்காரரும் அதையே கேட்கிறார்: பிள்ளை வீட்டுக்கு வரும் வழியில் எங்கே நிற்கிறான் என்று வரைபடத்தில் காட்ட முடியாதா? முடியும், சுலபம். ஒருமுறை கொடுத்தால் அம்மா அதைப் பார்த்தபடியே இருப்பார், பையன் சந்தியில் ஐஸ்கிரீம் குடித்த பத்து நிமிடத்துக்கும் கணக்குச் சொல்ல வேண்டி வரும். பிள்ளையின் இடத்தைக் காட்ட மாட்டேன், பிள்ளைகளை ஏற்றிவரும் வகுப்பு வானின் இடத்தை வேண்டுமென்றால் காட்டுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். வான்காரர் இன்னும் சம்மதிக்கவில்லை, தான் எங்கே நிறுத்திப் பிளேன்ரீ குடிக்கிறேன் என்று ஊருக்கே தெரிய வேண்டுமா என்று கேட்கிறார்.